வெயில் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள்: மதுரைக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் செவிலியர் நான். பங்குனி பிறந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும், கத்திரி கழியும்வரை ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் உங்கள் டாக்டரின் வேலை. அதில் நான் கை வைக்கமாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள்.

எங்கம்மா வாசப்படியைக்கூடத் தாண்டுவதில்லை. வெயிலே படாதவருக்கு வெயிலால் என்ன வரும்?

வெயில் படவேண்டியதில்லை, வெக்கை போதும். பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடித் தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒன்பது மணி வாக்கில் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். செல்லூர், ஆரப்பாளையம் பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில், மாடியில் தகரம் போட்ட அறையைத்தான் பெரும்பாலும் தாத்தா பாட்டிக்கு ஒதுக்குகிறார்கள். வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இரண்டு வழி வைத்திருக்கிறது. வியர்ப்பது ஒன்று. ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி சூட்டை வெளியே விடுவது இன்னொன்று. வயதானால் இரண்டுமே மந்தமாகிவிடும். தோலுக்கு ரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்கவும் வேண்டும், ஏற்கெனவே பழுதான இதயத்துக்கு அது பெரிய சுமை. ராத்திரியும் குளிராவிட்டால் உடம்புக்கு ஓய்வே இல்லை. நான் பார்த்தவரை முதல் நாள் வெக்கையில் யாரும் சாய்வதில்லை, மூன்றாம் நாள் நான்காம் நாள்தான் படுத்துவிடுகிறார்கள்.

அறை பகலில் 32 டிகிரிக்கும் இரவில் 24 டிகிரிக்கும் கீழே இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாஸ்தவம்தான். அதை எழுதியவரை வைகாசியில் ஒரு ராத்திரி தெற்குவாசல் மச்சுவீட்டில் படுக்க வைத்துப் பார்க்கவேண்டும். அந்த எண்ணை எட்டமுடியாவிட்டாலும் பரவாயில்லை. கத்திரி முடியும்வரை பெரியவர் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலான வீட்டில் செலவில்லாமல் முடிகிற காரியம் இது.

தாகமே எடுக்கலை என்கிறார். வற்புறுத்தலாமா?

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே எடுத்திருக்காது. வயது ஏற ஏற, உடம்பில் நீர் வற்றினாலும் அதை உணர்த்தும் தாகம் மழுங்கிப்போகிறது. நீரை வீணாக்காமல் பிடித்து வைக்கும் வேலையில் சிறுநீரகமும் முன்புபோல் கெட்டி இல்லை. அதனால் "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டால் "வேணாம்ப்பா" என்றுதான் வரும். கேட்காதீர்கள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுங்கள்.

இன்னொரு காரணம் உண்டு, அதை எந்தப் பெரியவரும் தானாக வாய்திறந்து சொல்லமாட்டார். அது கழிப்பறை. திருநகர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார், 81 வயது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். வீட்டம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோயிருந்தார். நான் அவர் கட்டிலில் இருந்து கழிப்பறைவரை நடந்து பார்த்தேன். பின்கட்டைத் தாண்டி இரண்டு படி இறங்கவேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பல்பு ஃபியூஸ். உள்ளே குத்தவைக்கும் பீங்கான். முழங்கால் தேய்ந்த மனிதர் என்ன செய்வார்? "ராத்திரி எந்திரிச்சா இவளையும்ல எழுப்பணும், அவளே பாவம்" என்றார் மெதுவாக.

பல்பு மாற்றினோம். படியோரம் கைப்பிடிக் கம்பி அடித்தோம். ராத்திரிக்கு மட்டும் கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வைத்தோம், மருந்துப் பொருள் விற்கும் கடைகளில் கிடைப்பதுதான். அப்புறம் அவர் தண்ணீர் குடிப்பதைப் பற்றி யாரும் பேசவேண்டிய தேவையே வரவில்லை. புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்கள், இருமினால் சிறுநீர் கசியும் பெண்கள், பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் காத்திருக்க வேண்டுமே என்று காலையிலிருந்தே வாயைக் கட்டும் பாட்டிகள் எல்லாருக்கும் கதை ஒன்றுதான். தண்ணீர்ச் செம்பை நிரப்பும் முன்னால் கழிப்பறைக்குப் போகும் வழியைப் பாருங்கள்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கவேண்டும்?

வேறு நோய் இல்லாதவருக்குத் தண்ணீர், மோர், கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டரில் இருந்து இரண்டு லிட்டர். வெக்கை கடுமையான நாளில் கொஞ்சம் கூட. ஒரே மூச்சில் வேண்டாம், மணிக்கு அரை டம்ளர் என்று பிரித்துக் கொடுங்கள். மூடி இறுக்கமான பாட்டிலை மூட்டுவலிக் கையால் திறக்கமுடியாது. செம்பும் தட்டுமே நல்லது.

சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. டீத்தண்ணி நிறத்துக்குப் போனால் போதவில்லை என்று அர்த்தம். சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கு எப்போதுமே அடர்மஞ்சளாகத்தான் போகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் ஒரு அளவு சொல்லியிருப்பார். வெயில் காலத்தில் அதே அளவா, கொஞ்சம் கூட்டலாமா என்று பங்குனியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மோர், இளநீர், நுங்கு, ஜிகர்தண்டா. எது நல்லது?

மோர்தான் முதல். நீர்க்கக் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்பு அளவாக. காலையில் நீராகாரம் குடித்துப் பழகியவர் அதை விடவேண்டியதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் சோறு சீக்கிரம் கெட்டுவிடும், வாடை மாறியிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நுங்கு பல் இல்லாதவருக்கும் தோதானது.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பாசத்தில் தினம் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பதநீரும் பானகமும் இனிப்பு, சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது.

ஜிகர்தண்டா பற்றிக் கேட்காத மதுரைக்காரர் உண்டா? பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்த பலகாரம் அது, தாகத்துக்கான பானம் இல்லை. ஆசைக்கு எப்போதாவது அரை டம்ளர். நானும் குடிப்பேன். காப்பி, டீயை அடியோடு நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை போடவேண்டாம், அளவோடு குடித்தால் அதுவும் நீர்க்கணக்கில்தான் சேரும்.

உப்பு சர்க்கரைக் கரைசல் தினமும் கொடுக்கலாமா?

வேண்டாம். வயிற்றுப்போக்கு, வாந்தி, வியர்த்து ஊற்றிக் களைத்துப்போன நாள், இவற்றுக்கு மட்டும். பி.பி. உள்ளவருக்குத் தினமும் கொடுத்தால் உப்பு ஏறும். இந்தக் கரைசலுக்கென்று விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும். பெரிய பாக்கெட் என்றால் சரியாக ஒரு லிட்டர். அரை டம்ளரில் அரைப் பாக்கெட் என்று கைக்கணக்கில் கலக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி.

கடையில் அட்டை டப்பாவில் பழரசம் மாதிரி வருவதெல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. உரிய அளவில் தயாரிக்காத பானங்களின் மேல் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பாக்கெட்டே போதும்.

பி.பி. மாத்திரைக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

என் அப்பத்தாவுக்கு அப்போது 78 வயது. மே மாதம், மதியம் மூன்றரை மணி. நான் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். திண்ணையை ஒட்டின உள்ரூமில் பாயில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "ஏன்யா இம்புட்டு நேரம், மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்றது. என் தாத்தா செத்து அப்போது இருபது வருடம். மாடும் இல்லை. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், வயசாச்சுல்ல என்றார்கள். காலையில் அதே அப்பத்தா கீரைக்காரம்மாவிடம் சில்லறை பாக்கியைச் சரியாகக் கணக்குப் பார்த்து வாங்கியிருந்தது. ஒரே நாளில் புத்தி மாறினால் அதற்கு வயது காரணம் இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்பு, 118. இருக்கவேண்டியது 135 முதல் 145. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நேராக்க ஐந்து நாள் ஆனது.

நடந்தது இதுதான். அப்பத்தா சாப்பிட்டது நீர் பிரியும் மருந்து கலந்த பி.பி. மாத்திரை. உப்பைக் குறைக்கச் சொன்னதால் கஞ்சியில்கூட உப்பில்லை. வெக்கைக்குப் பசி இல்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து சோடியத்தை இறக்கிவிட்டன. தண்ணீர் குடித்தால் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த செவிலியர் நான்!

உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் தனியாக ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மருந்து கலந்திருக்கும். கால் வீக்கத்துக்குத் தரும் ஃபுரோசமைடும் அந்த ஜாதிதான். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் நீரை இழுத்துக்கொண்டு போகும். மனநோய்க்கும் நடுக்கத்துக்கும் தரும் சில மருந்துகள் வியர்ப்பதையே குறைத்துவிடும். வெக்கையில் ரத்தக்குழாய் விரிந்து பி.பி. தானாகவே இறங்குவதும் உண்டு, அதோடு மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். கீழே விழுந்து இடுப்பு உடைவது இப்படித்தான்.

இதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், "வெயில் காலத்துக்கு இதில் எதையாவது மாத்தணுமா? சோடியம், கிரியாட்டினின் ஒருவாட்டி பாத்துரலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. படுக்கையில் இருந்து எழும்போது ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா?

திறக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், ஃபிரீசரை ஒட்டி வேண்டாம். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடவேண்டியதுதான். இரண்டு மணி நேரக் கரண்ட் கட்டில் ஒன்றும் ஆகாது, கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் சரி. பயன்பாட்டில் உள்ளதை 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம். மதுரை வீட்டில் 30 டிகிரிக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை இறக்கி, இடையில் ஈரமணல் நிரப்பி, உள்ளே மருந்தை ஒரு டப்பாவில் போட்டு மூடி நிழலில் வைக்கலாம். மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபேன் போதுமா, கூலர் வாங்கலாமா, ஏ.சி.தான் வேண்டுமா?

அறை 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை ஃபேன் உதவும். அதற்கு மேலே போனால் அது சூட்டைத்தான் அள்ளி வீசும். வியர்வை குறைந்த பெரியவருக்கு வெறும் ஃபேன் காற்றால் பலன் குறைவு, அதனால் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள். இல்லாத வியர்வைக்குப் பதில் அந்த ஈரம் வேலை செய்யும். சுங்குடிச் சேலை, பழைய கதர் வேட்டி மாதிரி நைந்த பருத்தித் துணியே உடுத்தட்டும். சிந்தெடிக் நைட்டி வேண்டாம்.

மதுரையின் வறண்ட மதிய வெக்கைக்கு ஏர் கூலர் நன்றாகவே ஒத்துவரும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டவேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டினால் அறை புழுங்கிப்போகும். ஏ.சி. இருந்தால் 26, 27இல் வைத்துக் கூடவே ஃபேனை மெதுவாக விடுங்கள். வீட்டில் ஏ.சி. இருந்தும் "கரண்ட் பில்லு யாரு கட்டுறது" என்று போடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான் நான் பார்த்ததில் பாதிப் பேர். ரிமோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளை கூலிங் பெயிண்டோ அடித்தால் கீழ் அறையில் வித்தியாசம் தெரியும். வெயில் விழும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி கட்டுவது, உள்ளே திரை போடுவதைவிட நல்லது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு குறையுமா?

சுகமாக இருக்கும், தூக்கம் வரும். வெப்ப பாதிப்புக்கு அது மருந்து இல்லை. வழுக்கும், அதுதான் என் கவலை. காலையில், ஆள் துணையோடு, ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும்.

எப்போது பயப்படவேண்டும்? பயந்தால் என்ன செய்யவேண்டும்?

களைப்பு, தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, இவை முதல் படி. நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, எழுப்பினால் எழாமல் கிடப்பது, வலிப்பு, தொட்டால் அனலாகச் சுடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், வியர்த்தபடியே வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) வருவதும் உண்டு. வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, அந்த நேரம்தான் முக்கியம். குடத்துத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் 24 மணி நேரமும் அவசரப் பிரிவு உண்டு.

காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?

வெயிலால் ஏறிய சூடு பாராசிட்டமாலுக்கு இறங்காது. தண்ணீருக்குத்தான் இறங்கும்.

அழகர் ஆத்துல இறங்குறதைப் பாத்தே ஆகணும்னு அம்மாச்சி அடம் பிடிக்கிறது. என்ன செய்ய?

வேண்டாம் என்றால் கேட்குமா? சித்ரா பௌர்ணமி விடியலில் வைகைக்குள் நிற்கவேண்டுமென்றால் ராத்திரியே போய் இடம்பிடிக்க வேண்டும். தூக்கம் கிடையாது, கழிப்பறை கிடையாது, நெரிசல் வேறு. 2022இல் அந்த நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். நான் சொல்வது இதுதான்: ஆற்றுக்கு வேண்டாம், முந்தின நாள் ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குக் கூட்டிப் போங்கள். மூன்றுமாவடி, புதூர் பக்கம் மண்டகப்படி மண்டகப்படியாக அழகர் நின்று வருவார். தெரிந்தவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அதிகாலையில் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். அழகர் வேடம் போட்டவர்கள் பீய்ச்சும் தண்ணீர் மேலே பட்டால் பாட்டிக்கும் சந்தோஷம், உடம்புக்கும் நல்லது.

மாமியாருக்கு 68. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறார். நிறுத்தினால் வருமானம் போகுமே?

நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. மல்லிகைக்கு மகசூல் காலமே கோடைதான். மொட்டு விரியும் முன் விடிகாலையிலேயே எடுப்பது வழக்கம் என்பதால் நேரம் நமக்குத் தோதானது. ஒன்பது, ஒன்பதரைக்குள் காட்டைவிட்டு ஏறிவிட வேண்டும், கிலோ குறைந்தாலும் சரி. தலைத்துண்டை நனைத்துக் கட்டச் சொல்லுங்கள். நீராகாரத் தூக்கு வரப்பில் இருந்தால் போதாது, கூட வேலை செய்பவர் மணிக்கொருமுறை கூப்பிட்டுக் குடிக்க வைக்கவேண்டும். வெக்கையில் தனியாகப் போகும் ஆடு மேய்ப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. இது கிராமத்தில் பலருக்கும் தெரியவில்லை.

நான் துபாயில் இருக்கிறேன். அப்பா அம்மா இருவர் மட்டும் மேலூரில். தினமும் போனில் கேட்கிறேன், நல்லாருக்கோம் என்கிறார்கள்.

"நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். வேறு மாதிரிக் கேளுங்கள். "மத்தியானம் என்ன கொழம்பு? எம்புட்டுச் சாப்ட்டீங்க? கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனீங்கப்பா?" மகன் இப்படிக் கேட்பது முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். வீடியோவில் கூப்பிட்டு நாக்கைக் காட்டச் சொல்லுங்கள், வறண்டிருந்தால் தெரியும். மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் கூப்பிடுங்கள், வெக்கை வீட்டுக்குள் ஏறியிருக்கும் நேரம் அது. பேச்சு வழக்கத்தைவிட இழுத்தால், சொன்னதையே சொன்னால், உடனே பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிப் பாருங்கள். அதற்காக அவர் நம்பரும் ஒரு சாவியும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567, இரண்டையும் அம்மா போனில் பெரிய எழுத்தில் பதிந்து கொடுங்கள்.

கத்திரி முடிந்தபின் விட்டுவிடலாமா?

காலண்டரில்தான் முடியும். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் மதுரையில் ஆனி, ஆடி, ஆவணியும் வெக்கைதான். போன வருடம் எனக்கு வந்த கடைசி வெக்கை போன் ஆவணி மூலத் திருவிழா சமயத்தில். கட்டிலை மாடிக்கு ஏற்றுவதைப் புரட்டாசி மழைவரை தள்ளிப் போடுங்கள்.